ஆந்தை அலகில் புழுப்பாம்பு

வருஷத்துக்கு ஒருமுறையாவது வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி சுற்றி வந்துவிடும். பொந்தில் ஆந்தைக் குஞ்சுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் படம். கீழே, "ஆந்தை தன் வீட்டைச் சுத்தம் செய்யப் பாம்பை வேலைக்கு வைத்துக்கொள்கிறது" என்று ஒரு வரி. அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால், சென்னையில் நம் தெரு ஆந்தை அதே காரியத்தைச் செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதும் விளங்கிவிடும்.

மூலக்கதை அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்தது. கெல்பாக், பால்ட்ரிட்ஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1987-ல் வெளியிட்ட கட்டுரை. அங்குள்ள ஸ்க்ரீச் ஆந்தை, மண்ணுக்குள் வாழும் டெக்சாஸ் குருட்டுப் பாம்பைப் பிடித்துக் குஞ்சுகளுக்குக் கொண்டுவருகிறது. மற்ற இரைகளைக் கொன்றபிறகு எடுத்துவரும் ஆந்தை, இதை மட்டும் பெரும்பாலும் உயிரோடு கொண்டுவருகிறது. வந்த பாம்புகளில் சில தின்னப்படுகின்றன. மற்றவை நழுவி, பொந்தின் அடியில் கிடக்கும் குப்பைக்குள் புகுந்து, அங்கே அழுகும் மிச்ச இரையில் நெளியும் பூச்சிப் புழுக்களைத் தின்று பிழைத்துக்கொள்கின்றன. பாம்பு உயிரோடு இருந்த கூட்டின் குஞ்சுகள், அதே பருவத்தில் பாம்பில்லாத கூட்டின் குஞ்சுகளைவிட வேகமாக வளர்ந்தன, குறைவாக இறந்தன. இவ்வளவுதான் கண்டுபிடிப்பு. "வேலைக்கு வைத்தது" என்பது நாம் ஒட்டவைத்த வால். கூட்டில் இருந்த பாம்புகளின் உடம்பில் அலகு பட்ட தழும்புகள் இருந்தன. வேலைக்காரியை யாரும் கடித்துக் கொண்டுவருவதில்லை. கொல்ல முயன்று முடியாமல் போயிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஏன் முடியாமல் போகிறது? சென்னைப் பாம்பை வைத்தே பார்க்கலாம்.

நம் ஊரில் மழை பெய்த மறுநாள் பாத்ரூம் ஓட்டை வழியாக, கறுப்பாய்ப் பளபளவென்று, மண்புழு மாதிரி ஒன்று ஏறி வருமே, அதுதான் ஆள். புழுப்பாம்பு, குருட்டுப் பாம்பு என்று சொல்வார்கள். அறிவியல் பெயர் இண்டோடிஃப்லோப்ஸ் பிராமினஸ். 1803-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் டோடன் பெயர் வைத்தார். அதற்கு அடிப்படை விசாகப்பட்டினத்தில் பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் எழுதிவைத்த விவரம். ரஸ்ஸல் குறித்த உள்ளூர்ப் பெயர் 'ரெண்டு தலைகளின் பாம்பு' என்ற பொருள் தரும் தெலுங்குச் சொல். தமிழில் 'இருதலை' என்றால் நமக்கு மண்ணுளிப் பாம்புதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பட்டம் இந்தக் குட்டிப் பாம்புக்கும் சரியாகவே பொருந்துகிறது. தலையும் வாலும் ஒரே தடிமன், ஒரே மழுங்கல். கண் என்பது செதிலுக்கு அடியில் மறைந்திருக்கும் ஒரு கரும்புள்ளி. வால் நுனியில் ஒரு சின்ன முள். கையில் எடுத்தால் அதை வைத்துத்தான் குத்தும். வலிக்காது, விஷமும் கிடையாது.

ஆந்தை, இரையின் பிடரியைக் கடித்துக் கொல்லும் பறவை. பிடரி எங்கே என்றே தெரியாத ஒரு உருளையை என்ன செய்யும்? வாலைக் கடித்துவிட்டுத் தலை என்று நினைத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது. அதற்கு மேல், உடம்பைச் சுற்றி 20 வரிசைச் செதில்கள். வழவழப்பாக, ஒன்றன்மேல் ஒன்று இறுக்கமாகப் படிந்தவை. மற்றப் பாம்புகளுக்கு வயிற்றில் அகலச் செதில் இருக்கும். இதற்கு வயிறும் முதுகும் ஒரே அளவுச் செதில்தான். அதனால் அலகின் முனை மாட்டிக்கொள்ள விளிம்பே கிடைக்காது. இந்தக் குடும்பத்துப் பாம்புகள் எறும்புப் புற்றுக்குள் போய் முட்டை, கூட்டுப்புழுக்களைத் தின்பவை. எறும்பின் கடியைத் தாங்க உண்டான கவசம் ஆந்தையின் அலகையும் ஓரளவு சமாளிக்கிறது.

இது எவ்வளவு கெட்டி உயிர் என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 2013-ல் கிழக்குத் திமோரிலிருந்து வந்த பதிவு: ஒரு தேரை இதே புழுப்பாம்பை விழுங்கி, பாம்பு தேரையின் குடல் முழுக்கப் பயணம் செய்து பின்பக்கமாக உயிரோடு வெளியே வந்தது. அந்தத் தேரை, மழைக்காலத்தில் நம் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் அதே இனம்.

இனி ஆந்தைப் பக்கம் வருவோம். சென்னைக்குள் இந்த விவகாரத்தில் முதல் சந்தேக நபர் புள்ளி ஆந்தை. 21 செ.மீ. உயரம், எடை நூறு கிராமைச் சற்றுத் தாண்டும், மஞ்சள் கண், வெள்ளைப் புருவம். தூங்குமூஞ்சி, வேம்பு, பூவரசு மரங்களின் பொந்துகள், பழைய கட்டடத்துச் சுவர் ஓட்டைகள், சன்ஷேடுக்கு மேலுள்ள இடுக்கு என்று எங்கும் இருக்கும். அடையாறு, கிண்டி, ஐஐடி வளாகம் மாதிரி மரம் உள்ள இடங்களில் சாயங்காலம் நின்றால் அதன் கரகரத்த சண்டைச் சத்தம் கேட்காமல் இருக்காது. இதன் விலங்கியல் பெயர் அதீனி பிராமா. 1821-ல் டச்சு விலங்கியலாளர் டெம்மிங்க் வைத்தது. பாம்பு பிராமினஸ், ஆந்தை பிராமா. தின்பவருக்கும் தின்னப்படுபவருக்கும் ஒரே சாதிப் பெயரைச் சூட்டியது ஐரோப்பியர்களின் தற்செயல் நகைச்சுவை.

புள்ளி ஆந்தை முக்கியமாகப் பூச்சி தின்னி. வண்டு, விட்டில், ஈசல், வெட்டுக்கிளி. கூடவே மண்புழு, பல்லி, சுண்டெலி, சிறு பறவைகள். தெருவிளக்குக் கம்பத்திலோ கேபிள் வயரிலோ உட்கார்ந்து, கீழே எது அசைந்தாலும் பாயும். தரையிலும் நடந்து பொறுக்கும். ஆக, மழை இரவில் சிமெண்ட் நடைபாதையில் நெளியும் புழுப்பாம்பு அதன் கண்ணுக்கு ஒரு தடித்த மண்புழு. மண்ணுக்குள் இருக்கும் பாம்பை ஆந்தை தோண்டி எடுக்காது. பாம்பு மேலே வந்தால்தான் கதை ஆரம்பம்.

கூகை விஷயம் வேறு. முழு இருட்டிலும் ஒலியை மட்டும் வைத்து எலியைப் பிடிக்கும் திறன் அதற்கு உண்டு. சோதனைகளில் நிரூபணமான ஒன்று. ஆனால் அது எலி, பெருச்சாளிக் குட்டி, மூஞ்சூறு என்று கணிசமான இரையைத் தேடும் பறவை. புழுப்பாம்பின் கணக்கைப் பாருங்கள்: 15 செ.மீ. நீளம், 3 மி.மீ. தடிமன் உள்ள உருளை என்று வைத்தால் கன அளவு ஒரு கன செ.மீ.க்குப் பக்கம், அதாவது எடை ஏறத்தாழ ஒரு கிராம். ஒரு சுண்டெலி பதினைந்து கிராம் தேறும். பதினைந்து முறை பறந்து ஒரு சுண்டெலி அளவைச் சேர்ப்பதை விடக் கூகை ஒரு சுண்டெலியையே பிடித்துவிடும். புள்ளி ஆந்தைக்கோ ஒரு கிராம் என்பது நல்ல பெரிய வண்டு ஒன்றுக்குச் சமம். வேண்டாம் என்று சொல்லாது. நன்மங்கலம் பக்கத்துப் பாறைக் குவாரிகளில் இருக்கும் கொம்பன் ஆந்தைக்கு இது கடைவாயில்கூட ஒட்டாது. அதற்கு மண்ணுளிப் பாம்பு அளவு இருந்தால் பேசலாம்.

இதே புழுப்பாம்புக் குடும்பத்தில் தீபகற்ப இந்தியாவில் இன்னொன்று உண்டு: மூக்கு அலகு மாதிரி வளைந்த பெரிய குருட்டுப் பாம்பு. அரை மீட்டரையும் தாண்டும். அது கிடைத்தால் எந்த ஆந்தைக்கும் லாபம்தான். ஆனால் நகரத்துத் தொட்டி மண்ணில் அதைப் பார்ப்பது அரிது.

சென்னையில் புழுப்பாம்புக்குப் பஞ்சமே இல்லாததற்குக் காரணம் நர்சரிகள். செம்மண் லாரியில் வருகிறது, தொட்டியில் அடைக்கிறார்கள், தொட்டி மூன்றாம் மாடி பால்கனிக்குப் போகிறது, பாம்பும் கூடவே போகிறது. இந்த இனத்தில் ஆணே கிடையாது. எல்லாம் பெண், துணையில்லாமலே முட்டையிடும், ஒவ்வொரு செல்லிலும் மூன்று செட் குரோமோசோம். ஒரே ஒரு பாம்பு தொட்டியில் வந்தால்கூட ஒரு குடும்பம் உருவாகிவிடும். உலகம் முழுக்கத் தொட்டிச் செடி வழியாகவே பரவியதால் இங்கிலீஷ்காரர்கள் இதைப் பூந்தொட்டிப் பாம்பு என்கிறார்கள். தொட்டியைத் தூக்கும்போது அடியில் சுருண்டிருந்தால் பயந்து சப்பாத்துக் காலால் மிதிக்க வேண்டாம். எறும்பு முட்டை, கரையான் புழு தின்று பிழைக்கும் ஜீவன். "காதுக்குள் புகுந்துவிடும்" என்று பாட்டிமார் சொல்வதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டுச் சமவெளியில் ஒல்லியான பவளப் பாம்பும் உண்டு. பென்சிலைவிட மெல்லியது, பழுப்பு உடம்பு, கறுத்த தலை, வாலில் இரண்டு கறுப்பு வளையம். சீண்டினால் வாலைச் சுருட்டித் தூக்கி அடிப்பக்க நீலத்தைக் காட்டும். நாகப்பாம்பின் குடும்பம், விஷம் உள்ளது. "புழு மாதிரிதானே இருக்கு" என்று வெறுங்கையால் எதையும் எடுக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒன்று போதும். தலை தனியாகத் தெரிந்தால், வயிற்றுச் செதில் அகலமாக இருந்தால், வளையமோ புள்ளியோ இருந்தால், அது புழுப்பாம்பு இல்லை.

சரி, ஆந்தை பாம்பைத் தின்கிறது என்று எப்படி உறுதி செய்வது? மூன்று வழி இருக்கிறது: படம், கக்கல் உருண்டை, கூட்டுக் குப்பை. மூன்றும் மூன்று விதமாக ஏமாற்றும்.

படத்தில் முதல் குழப்பம் மண்புழு. ஆந்தை அலகில் கறுப்பாக ஒரு கயிறு தொங்கினால் உடனே பாம்பு என்று எழுதிவிடுகிறார்கள். மண்புழு தொங்கும்; தன் எடையில் நீண்டு மெலியும்; தடிமன் இடத்துக்கு இடம் மாறும். பாம்பு தொங்காது. எலும்பும் தசையும் இருப்பதால் அலகைச் சுற்றியோ விரலைச் சுற்றியோ எட்டு வடிவில் முறுக்கிக்கொள்ளும். தலை முதல் வால் வரை தடிமன் ஒரே சீர். ஃப்ளாஷ் வெளிச்சத்தில் மண்புழு ஈரமாக மினுங்கும், பாம்பு எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். ஃப்ளாஷ் அடிக்கச் சொல்லவில்லை. கூட்டருகே அடிக்கவே கூடாது. தெருவிளக்கு வெளிச்சத்தில் அலகை வீடியோவாக எடுத்து, பிறகு ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தால் முறுக்கு தெரிந்துவிடும்.

தானியங்கிக் கேமரா வைப்பவர்கள் செய்யும் பிழை, பொந்துக்கு மிக அருகில் கட்டுவது. பெரும்பாலான காட்டுக் கேமராக்களின் ஃபோகஸ் ஒன்றரை மீட்டருக்கு அந்தப் பக்கம்தான் ஆரம்பமாகும். அரை மீட்டரில் கட்டினால் ஆந்தையும் மங்கல், அலகில் இருப்பதும் மங்கல். இரண்டு மீட்டர் தூரத்தில், பொந்து வாயின் பக்கவாட்டில், அலகு குறுக்காகத் தெரியும்படி வையுங்கள். அகச்சிவப்பு விளக்கு 940 நானோமீட்டர் வகையாக இருக்கட்டும். 850 வகையில் மெல்லிய சிவப்புப் புள்ளி தெரியும். படமாக இல்லாமல் 10 முதல் 15 விநாடி வீடியோவாகப் பதிய வையுங்கள். இன்னொரு சிக்கல் நம் ஊர் வெயிலால் வருவது. இந்தக் கேமராவின் சென்சார், சுற்றுப்புறத்துக்கும் விலங்குக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை வைத்துத்தான் விழிக்கும். மே மாத இரவில் சுவரே சுட்டுக்கொண்டிருக்கும்போது சிறிய ஆந்தை வந்து போவதைச் சென்சார் கோட்டை விடும். அந்த மாதங்களில் "ஒன்றும் பதிவாகவில்லை" என்பதை "ஆந்தை வரவில்லை" என்று படிக்கக் கூடாது.

அடுத்தது கக்கல் உருண்டை. ஆந்தை செரிக்காத எலும்பு, முடி, செதில், வண்டு ஓடு ஆகியவற்றை உருட்டி வாய் வழியாகக் கக்கும். ஆந்தை இரைப்பையின் அமிலம் பருந்து வகையை விட மென்மை. அளந்தவர்கள் ஆந்தைக்கு பி.எச். 2.3-ஐ ஒட்டியும் பருந்து வகைக்கு 1.6-ஐ ஒட்டியும் சொல்கிறார்கள். எண் சிறுத்தால் அமிலம் கடுமை. அதனால்தான் ஆந்தைக் கக்கலில் எலி மண்டையோடு முழுசாகக் கிடைக்கிறது. ஆனால் ஒரு கிராம் பாம்பின் எலும்பு என்பது எலி எலும்பு மாதிரி இல்லை. மண்டையோடு நெல்மணியை விடச் சிறியது, ஒவ்வொரு முதுகெலும்புத் துண்டும் ஒரு மி.மீ. கூடத் தேறாது. குஞ்சுகளோ வளரும் எலும்புக்குச் சுண்ணாம்பு தேவைப்பட்டு, பெரிய ஆந்தையை விட அதிகமாக எலும்பைச் செரித்துவிடும். ஆகவே கக்கலில் பாம்பு எலும்பு கிடைத்தால் ஆந்தை தின்றது என்று சொல்லலாம். கிடைக்காவிட்டால் தின்னவில்லை என்று சொல்ல முடியாது. இந்த ஒரு வாக்கியத்தை மறந்தவர்கள் எழுதிய உணவுப் பட்டியல்களில் புழுப்பாம்பு இடம்பெறாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

எடுக்கும் முறை இது. முதல் நாள் பொந்துக்கு அடியிலோ ஆந்தை பகலில் உட்காரும் கிளைக்கு அடியிலோ கிடக்கும் பழையதையெல்லாம் கூட்டிப் பெருக்கிவிடுங்கள். அப்போதுதான் அடுத்து விழுவதற்குத் தேதி போட முடியும். வாரம் ஒருமுறை, காலையில், கையுறையும் முகக்கவசமும் போட்டு எடுங்கள். கூகையின் உருண்டை கட்டைவிரல் அளவு, புதிதாக இருக்கும்போது கறுப்பு வார்னிஷ் அடித்ததுபோல் இருக்கும். புள்ளி ஆந்தையுடையது இரண்டு மூன்று செ.மீ., பழுப்பு, வண்டு ஓடு நிறைய இருப்பதால் தொட்டாலே உதிரும். மழை நாளில் எடுக்கப் போனால் கரைந்து போயிருக்கும். தரையில் பழைய ஷேட் நெட் ஒன்றை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டால் பாதியாவது தப்பும். அதன் மேல் மெல்லிய மல் துணி போட்டால் இன்னும் நல்லது.

பிளாஸ்டிக் கவரில் போட்டுவைப்பதுதான் சென்னையில் எல்லோரும் செய்யும் தவறு. இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். பிரவுன் பேப்பர் கவர், உள்ளே பென்சிலில் எழுதிய சீட்டு. பேனா மை ஊறிவிடும். நிழலில் காயவைத்து, மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே இருக்கும் அந்துப்பூச்சிப் புழுவும் வண்டும் சாகும். பாக்டீரியா ஃப்ரீசரில் சாகாது, அதனால் கையுறையைக் கழற்ற வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுப்பதாக இருந்தால் ஃபாயிலில் சுற்றி மின் அடுப்பில் (oven) 160 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் சூடாக்குவது வழக்கம். ஆனால் பாம்பு எலும்பு தேடும் உருண்டைகளுக்கு அது வேண்டாம், நொறுங்கிப் போகும்.

பிரிக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவையுங்கள். முடியைக் கரைக்க 8 சதவீத காஸ்டிக் சோடாக் கரைசலைப் பயன்படுத்தும் பழைய முறை ஒன்று உண்டு. எலி எலும்பு எண்ணுகிறவர்களுக்கு அது வரம். நமக்குச் சாபம். காஸ்டிக் சோடா முடியைக் கரைப்பதுபோலவே பாம்புச் செதிலையும் கரைத்துவிடும், இரண்டும் கெராட்டின் என்ற புரதம்தான். வண்டு ஓடு கைட்டின் என்ற வேறு பொருள் என்பதால் அப்படியே நிற்கும். கடைசியில் "முழுக்கப் பூச்சிதான் தின்றிருக்கிறது" என்று தப்பான முடிவு வரும். தண்ணீரே போதும். வடிகட்டத் தேநீர் வடிகட்டி உதவாது, அதன் கண் வழியே முதுகெலும்புகள் ஓடிப்போகும். அரை மி.மீ. சல்லடை, இல்லாவிட்டால் இரண்டாக மடித்த மல் துணி. வடிந்ததைக் கறுப்புத் தாளின் மேல் வைத்த கண்ணாடித் தட்டில் பரப்புங்கள். எலும்பு வெள்ளையாகத் தெரியும். பிறகு அதே தட்டை வெள்ளைத் தாளின் மேல் வைத்தால் செதில் பழுப்பாகத் தெரியும். பத்து மடங்கு லென்ஸில் இருப்பது தெரியும், என்னவென்று தெரிய இருபது மடங்குக்கு மேல் வேண்டும்.

எலும்பில் பார்க்க வேண்டியது: ஒவ்வொரு துண்டின் முன்பக்கம் கிண்ணம்போல் குழி, பின்பக்கம் உருண்டை. வீட்டுப் பல்லியின் முதுகெலும்பில் இரண்டு பக்கமும் குழி. இதை வைத்தே பல்லியைத் தள்ளிவிடலாம். அரணைக்கு முன்குழியும் பின்னுருண்டையும் உண்டு என்பதால் அங்கேதான் தடுமாறுவார்கள்; அரணை என்றால் தட்டில் எங்காவது காலெலும்பு கிடைக்கும். பாம்புதான் என்று ஆனபின், மேல்பக்கம் பாருங்கள். மற்றப் பாம்புகளின் முதுகெலும்பில் மேலே துடுப்புபோல் ஒரு முள் எழும்பியிருக்கும்; மண்ணுளிப் பாம்புக் குட்டியில்கூட. புழுப்பாம்புக்கு அந்த முள் இல்லை, கூரை தட்டையாக அமுங்கியிருக்கும். அதிர்ஷ்டம் இருந்து தாடை கிடைத்தால் சந்தேகமே வேண்டாம்: புழுப்பாம்புக் குடும்பத்தில் பல் மேல்தாடையில் மட்டும், கீழ்த்தாடை வெறுமை. டெக்சாஸ் பாம்பின் குடும்பத்தில் இது அப்படியே தலைகீழ். கீழ்த்தாடையில் மட்டும் பல்.

எண்ணிக்கையில் பேராசை கூடாது. ஒரு பாம்பில் நூற்றுக்கும் மேற்பட்ட முதுகெலும்புகள். தட்டில் அறுபது கிடைத்தாலும் ஒரு பாம்பு என்றுதான் எழுத வேண்டும். இரண்டு மண்டையோ இரண்டு ஜோடித் தாடையோ கிடைத்தால்தான் இரண்டு. கூகைக் கக்கலில் மூஞ்சூறு மண்டையோடு பக்கத்தில் இரண்டு மூன்று துணுக்குகள் மட்டும் கிடைத்தால், மூஞ்சூறு தின்ற பாம்பாகவும் இருக்கலாம் என்று ஒரு குறிப்பு போட்டுவையுங்கள்.

மூன்றாவது, கூட்டுக் குப்பை. டெக்சாஸ் கதை சென்னையில் நடக்குமா என்பதற்கு விடை இங்கேதான் இருக்க வேண்டும். எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு, காரணம் பருவம். டெக்சாஸில் ஆந்தை குஞ்சு வளர்ப்பது வசந்தத்தில், மழையும் அப்போதுதான், பாம்பு மேலே வருவதும் அப்போதுதான். மூன்றும் ஒரே நேரத்தில் கூடி வருகின்றன. நம் ஊரில் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. புள்ளி ஆந்தையின் இனப்பெருக்கக் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மண் ஊறிப் பாம்பு தரைக்கு வரும் வாரங்களில் பல ஜோடிகள் முட்டைகூட வைத்திருக்காது. குஞ்சு அலறும் பிப்ரவரி, மார்ச்சில் மண் காய்ந்து, பாம்பு ஆழத்துக்குப் போயிருக்கும். அந்தச் சமயத்தில் கூட்டுக்குப் பாம்பு வர வேண்டுமானால் தினமும் தண்ணீர் பாய்ச்சும் புல்வெளி, கசியும் குழாய், தொட்டிச் செடி வரிசை மாதிரி செயற்கை ஈரம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே தேடுகிறவர்கள் கிண்டிக் காட்டுக்குள் தேடுவதை விட, ஸ்பிரிங்ளர் ஓடும் வளாகத்து மரப் பொந்தில் தேடுவது புத்திசாலித்தனம். டிசம்பர் கடைசியில் பெய்யும் மழையையும் ஜனவரியில் பொரித்த முதல் கூடுகளையும் விட்டுவிடாதீர்கள்.

முட்டை இருக்கும்போது பொந்துப் பக்கமே போகக் கூடாது. தாய் விட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு பறந்துபோய் ஒரு வாரத்துக்குள், அந்திப் பொழுதில், நீளக் கைப்பிடி கொண்ட கரண்டியால் அடிக்குப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளிக்கு எடுத்து வெள்ளைத் துணியில் பரப்புங்கள். ஒரு மாதம் தள்ளிப் போட்டால் எறும்பும் கரப்பானும் வேலையை முடித்திருக்கும். மத்தியான வெயிலில் செய்தால் உள்ளே பாம்பு இருந்தாலும் துணியிலேயே வறண்டு செத்துவிடும். மொபைலில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமரா இருந்தால், குஞ்சு ஓரளவு வளர்ந்தபின், பெரியவை இரை தேடப் போன நேரத்தில், ஒரு நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்த்துவிட்டு வந்துவிடலாம். எதைச் செய்தாலும் வனத்துறை அனுமதி முதலில். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் கூட்டுக்கும் முட்டைக்கும் சேர்த்துத்தான் பாதுகாப்புத் தருகிறது. கிண்டி மாதிரித் தேசியப் பூங்காவுக்குள் தரையில் கிடக்கும் கக்கலை எடுப்பதற்கும் அனுமதி வேண்டும்.

பொந்தில் உயிருள்ள புழுப்பாம்பைப் பார்த்தவுடன் "ஆந்தை கொண்டுவந்தது" என்று எழுதிவிடக் கூடாது. குருட்டுப் பாம்புகள் எறும்பு, கரையான் தடம் பிடித்து மரமும் ஏறும். கரையான் மண்பாதை அடிமரத்தில் ஓடுகிற மரமாக இருந்தால் தானாகவே ஏறி வந்திருக்கலாம். உடம்பில் அலகுத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள்: செதில் வரிசையில் எதிரெதிராக இரண்டு பள்ளமோ, நிறம் வெளுத்த ஒரு குறுக்குக் கோடோ. தழும்பு இருந்தால் ஆந்தை தூக்கி வந்தது என்று சொல்ல நியாயம் உண்டு. இல்லாவிட்டால் தேதி, மரம், பொந்தின் உயரம், கரையான் உண்டா இல்லையா, கடைசி மழை எப்போது என்று எழுதிவைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பொந்துக்கு அடியில் சிமெண்டில் விழுந்து நெளியும் பாம்பைப் பார்த்தால், கீழே ஒரு தாளைச் செருகித் தூக்கி, பக்கத்தில் ஈரமாக, இலைச்சருகு மூடிய மண்ணில் விடுங்கள். படம் வேண்டுமானால் அதற்கு முன்பே, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, தலை ஒன்று, வால் ஒன்று, வயிறு ஒன்று என்று மூன்று. எது தலை என்று தெரியவில்லையா? நாக்கு நீட்டும் பக்கம்.